கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள்

பழைய கார் நடுரோட்டில் நின்றால் நம் ஊரில் முதலில் கைதாவது கார்புரேட்டர். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. பானெட்டைத் தூக்கிய அடுத்த நிமிடம் திருப்புளி உள்ளே போய்விடும். 'கார்ப்பரேட்டர்ல அடைப்பு சார்' என்று தீர்ப்பு. இந்தப் பக்கம் அரைத் திருகு, அந்தப் பக்கம் கால் திருகு. வண்டி கிளம்பிவிட்டால் மெக்கானிக் மேதை. கிளம்பாவிட்டால், 'கார்ப்பரேட்டரையே மாத்திரணும் சார்.'

இந்த அநியாயத்தைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். காரணம், இது வெறும் கார் விஷயம் இல்லை. காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் எல்லாத் துறையிலும் செய்கிற காரியத்தின் சுத்தமான உதாரணம் இது. கண்ணுக்குத் தெரிவதை உதை. கைக்கு எட்டுவதைத் திருகு.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து புது பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும்கூட கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்களில் இது இன்னும் இருபது வருடம் முந்தைய கதை. அப்பா காலையில் சேத்தக்கைச் சாய்த்து, சோக்கை இழுத்து, பத்து உதை உதைத்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த வண்டிக்குள் இருந்ததுதான் கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். குளிரில், வெயிலில், மேட்டில், சிக்னலில் என்று எல்லா நிலையிலும் இந்தக் கலவையைத் தயாரித்து எஞ்சினுக்கு ஊட்டவேண்டும். கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறது. சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பே எரியவில்லை என்றால் சமையல்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கிற ஆசை நம் நகரங்களில் இப்போது வசதியானவர்களிடம் பரவியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கார்புரேட்டர் விஷயத்தில் அங்கே நடக்கிற கொடுமை சேத்தக்குக்கு நடந்ததைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். கார், எம்.ஜி.ஏ. இங்கிலாந்தில் அபிங்டன் என்கிற ஊரில் 1955 முதல் 1962 வரை செய்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் வண்டிகள். இரண்டே ஸீட். பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பது போலவே நிற்கும். அதன் முதல் மாடலில் எஞ்சின் 1489 சிசி. இந்த எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் அம்பாஸடர்தான்! மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் பல வருடம் சுமந்த அம்பாஸடரின் எஞ்சினும், அந்த எம்.ஜி.ஏ. எஞ்சினும் ஒரே குடும்பம். பி.எம்.சி.யின் பி-ஸீரிஸ். எம்.ஜி.ஏ.வில் கொஞ்சம் முறுக்கேற்றி, இரட்டைக் கார்புரேட்டர் போட்டிருந்தார்கள்.

அந்தக் கார்புரேட்டரின் பெயர் எஸ்.யூ. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்துக்கு லண்டனில் செருப்பு வியாபாரம். குடும்பத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னருக்கு மட்டும் செருப்பைவிட எஞ்சினில் மோகம். 1900-களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த முதல் கார்புரேட்டர்களில் தோலில் செய்த துருத்தி இருந்தது. செருப்புக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்? பிற்பாடு துருத்தி போய் உலோக பிஸ்டன் வந்தது.

வேலை செய்கிற விதம் அற்புதமான எளிமை. எஞ்சின் அதிகம் காற்று இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்புகிறது. அதன் அடியில், கீழே போகப்போக மெலிகிற ஓர் ஊசி. ஊசி ஒரு துளைக்குள் நிற்கிறது. பிஸ்டன் எழும்பினால் ஊசியும் எழும்பி, துளையில் இடம் அதிகமாகி, பெட்ரோல் அதிகம் வருகிறது. காற்றுக்குத் தகுந்த பெட்ரோல். அவ்வளவுதான். பிஸ்டன் துள்ளாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். இதில் திடீரென்று கெட்டுப்போக என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

சென்னையில் ஒருவர் இந்த எம்.ஜி.ஏ.வை உதிரி உதிரியாக வாங்கி, நாலு வருடம் உட்கார்ந்து சேர்த்தார். பெயிண்டுக்கும் குரோமுக்கும் செலவழித்ததில் புறநகரில் ஒரு துண்டு மனை வாங்கியிருக்கலாம். வண்டி காலையில் குஷியாகக் கிளம்பும். அரைமணி ஓடியதும் மிஸ்ஸிங். இருமும், திணறும், நிற்கும். ஆறவிட்டால் மறுபடி சமர்த்தாகக் கிளம்பும்.

மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினார். முதல் ஆள் கார்புரேட்டர்கள் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்தார். இரண்டாவது ஆள் ஊசி, ஜெட் எல்லாம் லண்டனிலிருந்து வரவழைத்து மாற்றினார். மூன்றாவது ஆள் பெரிய இடம், ஏ.ஸி. போட்ட வரவேற்பறை. அவர் சொன்னார்: 'டபுள் கார்ப்பரேட்டர் நம்ம வெயிலுக்கு ஒத்துக்காது சார். ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு சிங்கிள் ஒண்ணு மாட்டிடலாம்.'

கடைசியில் ஒருவர், அம்பாஸடர் டாக்ஸிகளிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பாய் பானெட்டையே திறக்கவில்லை. 'எத்தன நிமிஷத்துல நிக்குது சார்? நிக்கறதுக்கு முன்னால இருமுதா, இல்ல அப்பிடியே அடங்குதா? வாங்க, நிக்கற வரைக்கும் ஓட்டுவோம்.'

ஓட்டினார்கள். நின்றது. பாய் எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டார். எம்.ஜி.ஏ.வில் பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருக்கிறது, எலெக்ட்ரிக் பம்ப். டிக், டிக், டிக் என்று நாலைந்து தடவை அடித்து நின்றது. நின்றது என்றால் கார்புரேட்டரின் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பம்பே போய்விட்டது. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு ஸ்க்ரூவைத் தொடாமல், பாதி விசாரணை முடிந்துவிட்டது.

அப்புறம் எங்கேயும் பெட்ரோல் வாசனை இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துச் சுழற்றச் சொன்னார். பொறி வந்தது. ஆனால் நீலமாகப் பளிச்சென்று வரவில்லை. மஞ்சளாக, சோகையாக வந்தது. 'பெட்ரோல் வந்து உக்காந்திருக்கு சார். நெருப்புதான் வரல.' டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிற கண்டென்சர், சூடேறினதும் படுத்துவிடுகிறது. சுண்டுவிரல் சைஸ் சாமான். விலை, அந்த மூன்றாவது ஒர்க்‌ஷாப் வரவேற்பறையில் இரண்டு பேர் குடித்த காப்பிக்கு வராது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கண்டென்சரை மாற்றிய பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனால் சரியாக ஓடவும் இல்லை. ஏன்? அதுவரை குற்றமே செய்யாத கார்புரேட்டர்கள், மூன்று ஒர்க்‌ஷாப் கைபட்டு நிஜமாகவே கெட்டுப்போயிருந்தன! எஸ்.யூ.வில் பிஸ்டனும் அதன் மூடிக் கூடும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. இந்தக் கூட்டுக்கு அந்தப் பிஸ்டன் பொருந்தாது. யாரோ கழற்றி, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் மாட்டியிருந்தார்கள். போதாததற்கு 'பளபளன்னு ஆகட்டும்' என்று உள்ளே எமரி பேப்பர் வேறு. அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் வேலை செய்கிற சாமானுக்கு எமரி பேப்பர். அடித்து அடித்தே குற்றவாளி ஆக்குவது என்று போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்வார்களே, அதேதான்.

ஆகவே வரிசை முக்கியம். பழைய கையேடுகள் எல்லாம் இந்த வரிசையைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்கின்றன. படிக்கத்தான் ஆள் இல்லை.

முதலில் எங்கேயாவது பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். இது உயிர்ப் பிரச்னை, பின்னால் சொல்கிறேன். அடுத்து எஞ்சினின் உடம்பு. வால்வு இடைவெளி சரியா, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? மூச்சு இல்லாத எஞ்சினுக்கு எந்தக் கார்புரேட்டரும் சோறு ஊட்ட முடியாது. மூன்றாவது நெருப்பு. பிளக், காயில், கண்டென்சர், டைமிங். பாயின்ட்டின் இடைவெளி இந்த வண்டிகளில் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். அது தப்பானால் டைமிங்கும் தப்பும்.

நான்காவது பெட்ரோல் வந்துசேர்கிற பாதை. புதுப்பித்த வண்டிகளில் இங்கேதான் பூதம் இருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்துகிடந்த டாங்க்கின் துரு, புதிதாக உள்ளே பூசிய பூச்சு உரிந்த செதில் எல்லாம் மெல்ல நகர்ந்து வந்து அடைக்கும். கார்புரேட்டரை நூறு தடவை சுத்தம் செய்தாலும், டாங்க்கைச் சுத்தம் செய்யாதவரை நூற்றியோராவது தடவையும் அடைக்கும். டாங்க்குக்குள் காற்று போக வழி இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா? ம்ஹூம். அந்தச் சின்னத் துளை அடைத்தால் போதும், கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் வராது. ஐந்தாவது, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேஸ்கெட் வழியே திருட்டுக் காற்று நுழைகிறதா என்பது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டரைக் கூண்டில் ஏற்றலாம். அப்போதும் திருப்புளி வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று உலோகச் சத்தத்தோடு கீழே உட்கார்ந்தால் அது சுதந்திரமாக இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகமாகி அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம். உடனே அடங்கினால் பெட்ரோல் குறைவு. லேசாக எழும்பி, பழைய நிலைக்கே வந்தால் கலவை சரி, தொடாதீர்கள். இரண்டு கார்புரேட்டரும் சமமாக இழுக்கின்றனவா? ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டினால் 'உஸ்' சத்தம் சொல்லிவிடும். வீணை சுருதி சேர்க்கிற ஊரில் இது முடியாதா?

கார்புரேட்டர் ஒருபோதும் தப்பே செய்யாது என்று நான் வாதாடவில்லை. செய்யும். அறுபது வருஷம் ஆடிய ஆட்டத்தில் த்ராட்டில் கம்பி தேய்ந்து, அதன் வழியாகக் காற்று நுழையும். அப்போது எத்தனை திருகினாலும் ஐடிலிங் நிற்காது. மிதவை ஓட்டையாகி மூழ்கும். ஊசி தேயும். இதெல்லாம் நிஜமான நோய், நிஜமான வைத்தியமும் உண்டு. நிரூபித்துவிட்டுத் தண்டியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நிரூபிப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு பெண். பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். 1940-ல் பிரிட்டனின் வானத்தில் ஜெர்மன் விமானங்களோடு மோதிய ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதன் கார்புரேட்டரும் எஸ்.யூ.தான். விமானி மூக்கைத் திடீரென்று கீழே சாய்த்தால் எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஜெர்மன்காரனிடம் இன்ஜெக்‌ஷன் இருந்தது, அவன் சாய்ந்து தப்பித்துவிடுவான். துரத்துகிற இங்கிலீஷ்காரனுக்கு அந்த ஒரு கணம் உயிர் விலை.

ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினீயராக இருந்த ஷில்லிங், எஞ்சின் ஏன் சாகிறது என்று கேட்டார். விமானம் சாயும்போது பெட்ரோல் தொட்டியின் மேல்பக்கம் ஓடுகிறது, முதலில் பஞ்சம். ஆனால் பெரிய ஆபத்து அதற்கு அடுத்த நொடி. மிதவை ஏமாந்து, வால்வு முழுசாகத் திறந்து, பம்ப் வேகத்தில் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து எஞ்சின் மூழ்குகிறது. பஞ்சத்தால் மட்டும் இல்லை, வெள்ளத்தாலும்! இது தெரிந்ததும் மருந்து சுலபமாகிவிட்டது. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு வேண்டுமோ அதற்குமேல் பெட்ரோல் வராதபடி, பாதையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் தடுப்பு. 1941-ன் ஆரம்பத்தில் விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார்கள். விமானங்களைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பவில்லை. முழுத் தீர்வான புதுவகைக் கார்புரேட்டர் பிற்பாடுதான் வந்தது. அதுவரை அந்தச் சின்னத் தடுப்பு காப்பாற்றியது. அந்த அம்மாள் சும்மா ஆள் இல்லை, 1930-களில் நார்ட்டன் பைக்கில் புரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதையை மணிக்கு நூறு மைலுக்குமேல் சுற்றியவர்.

யுத்தத்தின் நடுவில், உயிர் போகிற அவசரத்தில், ஒருவர் நிதானமாக 'ஏன்?' என்று கேட்டார். நம்மிடம் ஞாயிற்றுக்கிழமை காலை உலா போகிற கார். என்ன அவசரம் என்று அந்த ஜோடிக் கார்புரேட்டரைத் தூக்கி எறிகிறீர்கள்?

அந்த 'சிங்கிள் மாட்டிடலாம்' ஆசாமிகளோடுதான் எனக்கு நிஜமான சண்டை. வேறு கம்பெனிக் கார்புரேட்டர்கள் மட்டமானவை இல்லை. இத்தாலிக்காரனின் வெபர், பந்தய வண்டிகளில் ராஜா. ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால், அந்த நோய் புது கார்புரேட்டரோடும் குடித்தனம் நடத்தும். கண்டென்சர் கெட்ட வண்டியில் வெபர் போட்டாலும் அரைமணியில் நிற்கும். இதற்குப் பெயர் ரெஸ்டோரேஷன் என்று பில் போடுகிறார்கள். ரெஸ்டோர் என்றால் மீட்பது. இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு எதை மீட்டீர்கள்?

உரிமையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கண்காட்சியில் பெயிண்டைப் பார்க்கிறார்கள், லெதரைப் பார்க்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். லாரியில் ஏற்றிவந்து, லாரியில் ஏற்றிப்போகிற 'ஓடும் நிலையில் உள்ள' கார்கள் எனக்கு நிறையத் தெரியும். பெயிண்டுக்கு லட்சங்களை எண்ணாமல் கொடுக்கிறவர், பாய் மாதிரி ஒருவர் அரைநாள் காதைத் தீட்டிக் காரணம் கண்டுபிடித்ததற்கு ஆயிரம் ரூபாய் கேட்டால், 'ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு ஆயிரம்?' என்கிறார். மாற்றாததற்குத்தான் சார் ஆயிரம்! சாமானுக்குப் பணம், யோசனைக்கு டீ என்றால் யார் யோசிப்பார்கள்? அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அந்த எஞ்சினின் சத்தத்தைக் காதால் படிக்கத் தெரிந்தவர்கள் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கலாம். அவர்களுக்குப் பிறகு லண்டன் பார்சல்தான் கதி.

கடைசியாக, உயிர்ப் பிரச்னை என்றேனே. பி-ஸீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோகும் குழாயும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, பழுக்கச் சூடேறுகிற குழாய் கீழே, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. ரப்பர் குழாயில் விரிசல் விட்டாலோ தொட்டி வழிந்தாலோ பெட்ரோல் எங்கே சொட்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது அந்த ரப்பருக்கு ஒரு புது எதிரி. நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்கிற இலக்கு முதலில் 2030-க்கு என்று இருந்தது. அதை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். அந்தக் காலத்து ரப்பர், கார்க் கேஸ்கெட் எதுவும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதில்லை. ஊறும், உப்பும், வெடிக்கும். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும் என்பதால் பழைய கணக்கில் கலவையும் மெலியும், எஞ்சின் சூடேறும். பிரிட்டனில் 2021-ல் 10 சதவீதத்துக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதத்துக்குமேல் போகாத சூப்பர் பெட்ரோலையும் பங்க்கில் விட்டுவைத்தார்கள். இங்கே சாதாரண பங்க்கில் சாதாரண ஆளுக்கு அந்தத் தேர்வு தரப்படவில்லை. எத்தனாலால் கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதி குறையும் என்கிறார்கள். இருக்கட்டும். பழைய வண்டிக்காரனுக்கு ஒரு குழாயை ஒதுக்கியிருந்தால் அந்த நல்லது எதுவும் கெட்டுப்போயிருக்காது. இதிலும் பாருங்கள், வண்டி திணறினால் பழி எத்தனாலுக்கு இல்லை, கார்புரேட்டருக்குத்தான். குழாய்களை எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றலாம். பின் ஸீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீயணைப்பான் வையுங்கள், எம்.ஜி.ஏ. என்றால் பின் ஸீட்டே கிடையாது, காலடியில் வையுங்கள்.

அடுத்த தடவை பானெட்டைத் திறந்ததும் யாராவது திருப்புளியோடு குனிந்தால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். பம்ப் அடித்து நின்றதா? பொறி என்ன நிறம்? டாங்க்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பதில் வந்தால் பானெட்டைத் திறந்தே வையுங்கள், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார், கார்ப்பரேட்டர்தான்' என்று வந்தால் பானெட்டை மூடிவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். டீ செலவோடு போகட்டும்.